முதலில் நஞ்சுக்கொடி, பிறகு பேத்தி

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணங்கி எழுதுவது. இங்கே அனைவரும் நலம், என் முழங்கால் நீங்கலாக. உன் கால் வீக்கம் வடிந்ததா?

கடிதம் கிடைத்தது. முதல் பிள்ளை வயிற்றிலேயே போன பிறகும் என் மகள் நஞ்சுக்கொடி ஆராய்ச்சியே கதி என்று கிடப்பது வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது போல என்று எழுதியிருக்கிறாய். நூற்றுக்கு நூறு உண்மை. நான் ஊருக்குக் கிளம்பிவிட்டால் குழந்தையைப் பார்க்க ஆளில்லாமல் அவளே வேலையை விட்டுவிடுவாள் என்ற உன் யோசனையும் பிரமாதம். ஞாயிற்றுக்கிழமை புறப்படுகிறேன்.

அந்த வேலை மனிதனை என்ன பாடு படுத்தும் என்று கேள். பேத்தி பிறந்ததைப் போனில் சொன்னேனே தவிர, நடந்த கூத்தைச் சொல்லவில்லை. நஞ்சுக்கொடியில் எந்த ஜீன் சுறுசுறுப்பாக இருந்தது, எது தூங்கியது என்று பார்ப்பதுதான் இவள் பிழைப்பு. வெளியே வந்ததும் துண்டு போட்டு உறைய வைக்காவிட்டால் அந்தத் தடயம் அழிந்துவிடுமாம், வெறும் கை பட்டாலும் கெட்டுவிடுமாம். தன்னுடையதையும் கொடுப்பதாக எழுதிக் கொடுத்துவிட்டாள். வலியில் துடித்துக்கொண்டே, உள்ளே நின்ற ஆய்வகத் தோழிக்கு அதை எங்கெங்கே வெட்ட வேண்டும் என்று பாடம் நடத்துகிறாள், மாப்பிள்ளை கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார், காலமெல்லாம் பஸ் ஓட்டிய நானோ கையுறை மாட்டிக்கொண்டு, புகை கக்கும் உறைபனிப் பெட்டியோடு பிரசவ அறை வாசலில் காவல். நர்ஸம்மா குழந்தையை ஏந்திக்கொண்டு வந்து நீட்டினார். நான் சொன்னேன்: "அது இருக்கட்டும்மா, முதல்ல நஞ்சுக்கொடியைக் குடுங்க."

அந்த அம்மா பார்த்த பார்வையில் நானே உறைந்திருப்பேன். பெட்டி நிரம்பியதும் படியேறி ஓடி, மேல்மாடி ஆய்வகத்தில் சேர்த்த பிறகுதான், பிறந்தது ஆணா பெண்ணா என்றே கேட்கவில்லை என்பது உறைத்தது. இந்த வேலை நம் குடும்பத்துக்கு வேண்டவே வேண்டாம். மாலை அவள் வந்ததும் நான் கிளம்பும் செய்தியைச் சொல்லிவிடுகிறேன்.

அத்தானுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசிகள். மாத்திரையை மறக்காதே.

இப்படிக்கு,
உன் சொல் தட்டாத தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் அவள் வந்துவிட்டாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். முதல் பிரசவத்தின் நஞ்சுக்கொடியையும் ஆய்வகத்தில் உறைய வைத்திருந்தார்களாம். தான்தான் ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று இத்தனை நாள் உள்ளுக்குள் புழுங்கியவள், இன்றுதான் அதன் சோதனை முடிவைப் பார்த்தாளாம்.

"ஒண்ணை மட்டும் வச்சு காரணம் இதுதான்னு சொல்லிட முடியாதுப்பா. ஆனா ஆக்சிஜன் குறைஞ்சா சமாளிக்கிற ஜீனெல்லாம் அதுல அவ்வளவு வேலை செஞ்சிருக்கு. கடைசி வரைக்கும் போராடியிருக்கு. என் உடம்பு அவனைக் கைவிடலப்பா."

சொல்லிவிட்டு என் தோளில் சாய்ந்து அழுதாள். நானும் அழுதேன். அக்கா, ஞாயிற்றுக்கிழமை நான் வரவில்லை. அவள் வேலைக்குப் போகட்டும், பேத்தியை நான் பார்த்துக்கொள்கிறேன்.