துப்புக்கெட்டவன் ஆன கதை

பிடிவாதம் எனக்குப் பிறக்கும்போதே வந்தது. மூளை பிறகு வந்து சேர்ந்தது. அதுவும் முழுதாக வந்ததாக வீட்டில் யாரும் ஒப்புக்கொள்வதில்லை.

அறுபதுகளின் நடுவில், குற்றாலத்தில் சாரல் அடித்த ஒரு சனிக்கிழமை. தென்காசி வாசகசாலைக்காரர்கள் அங்கே ஒரு சத்திரத்தில் வாதம் வைத்திருந்தார்கள்: ‘பற்பசையில் ஃபுளோரைடு நல்லதா, கெட்டதா?’ நல்லது என்று பேச நான். (பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. தேர்டு கிளாஸ் என்பதை மேடையில் சொல்லவில்லை.) கெட்டது என்று பேச, பல்பொடி தயாரித்து விற்ற சங்கரலிங்கம் அண்ணாச்சி. அவர் மகள் கோமதியைத்தான் மறுவாரம் நான் பெண் பார்க்கப் போவதாக இருந்தது. “பேசாம தோத்துருலே, பொண்ணு உறுதி” என்றார்கள் நண்பர்கள். நானா தோற்பேன்?

சிங்கப்பூரிலிருந்து வந்த டியூப்பை உயர்த்திப் பிடித்து, “துளிகூட ஆபத்து இல்லை!” என்று முழங்கினேன்.

அண்ணாச்சி எழுந்தார். “தம்பி, பல்லு தேச்சுட்டு அதைத் துப்புதீரா, முழுங்குதீரா?”

“துப்புதேன்.”

“நல்லதுன்னா ஏன்வே துப்புதீரு? எவனாவது அல்வாவைத் துப்புதானா?”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. முன்வரிசையில் கோமதி வேறு. எனக்கு ரோஷம் தலைக்கேறியது. விரல் நீளத்துக்குப் பிதுக்கி, அங்கேயே பல் தேய்த்து, நுரையோடு விழுங்கினேன். போதாதென்று இன்னொரு விரல். வெற்றியை அறிவிக்க வாயைத் திறந்தால் விக்கல். விக்கலுக்கு ஒரு குமிழி.

“ஏலே, வெசம் ஏறிட்டுலே!” என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்.

நான் விடவில்லை. “ஆப... விக்... த்தில்லை!” என்றேன், நுரை வழிய.

கோமதி எழுந்துவிட்டாள். “மொதல்ல துப்புங்க! யப்பா, ஒங்க பல்பொடிய மட்டும் முழுங்கவா செய்தோம்? பல்லுக்குப் பூசுதது பல்லோட நிக்கணும். துப்பினா நல்லது, தின்னா கெட்டது. இதுக்கு ஒரு வாதமா?”

கைதட்டல் கேட்டது. பார்க்கத்தான் முடியவில்லை, சத்திரத்துக்குப் பின்னால் குனிந்து நின்று, மத்தியானச் சாப்பாட்டையும் சேர்த்து வெளியேற்றிக்கொண்டிருந்தேன்.

அண்ணாச்சி சொம்பில் தண்ணீரோடு வந்தார். “இந்தத் துப்புக்கெட்ட பயலுக்கா எம்மவளக் குடுக்க?”

பின்னால் கோமதியின் குரல்: “துப்புதானப்பா இல்ல? அது எங்கிட்ட இருக்கு.”

இன்றும் நான் எதற்காவது வாதாட ஆரம்பித்தால், கோமதி சத்தமில்லாமல் ஒரு சொம்புத் தண்ணீரை என் முன்னால் வைப்பாள். பேரப்பிள்ளைகள் ஒரே குரலில் கத்துவார்கள்:

“தாத்தா, துப்பிருங்க!”