உப்புதானே, என்ன செய்யும்?

பி.எச். மீட்டர் ஐந்தே கால் காட்டியது. அந்தோணி அதை உதறிவிட்டு மறுபடி தொட்டியில் முக்கினான். ஐந்தே கால்தான்.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் அந்த பெயின்ட் கம்பெனியின் கழிவுநீர்த் தொட்டி அவன் பொறுப்பு. ஐந்தரைக்குக் கீழே போனால் தண்ணீரில் அமிலம் அதிகம், ஒன்பதைத் தாண்டினால் காரம் அதிகம். இரண்டும் ஆகாது. சோதிக்க மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரி நர்மதா வந்துகொண்டிருந்தார்.

"இன்னிக்கு பாஸானா நீ பர்மனென்ட்டு," என்றிருந்தார் மேனேஜர் குப்புராஜ். "இல்லன்னா பொன்னேரி மார்க்கெட்ல மூட்டை தூக்கு."

அந்தோணிக்கு மீட்டர் மேல் சந்தேகமே வரவில்லை. தினமும் மேசைமேல் உள்ள 'ஏழு' என்று எழுதிய, அளவு மாறாத கரைசல் பாட்டிலில் அதை முக்கி, ஏழு காட்டும்படி திருத்திய பிறகுதான் வேலையைத் தொடங்குவான். அன்றும் திருத்தியிருந்தான்.

அமிலத்தை முறிக்கும் சுண்ணாம்பு லோடு வரவில்லை. கேன்டீனுக்கு ஓடினான்.

"ஹெலனு, ஆப்பசோடா இருந்தா குடு. தண்ணில காரத்த கொஞ்சம் ஏத்தணும்."

ஹெலன் டீ வடிகட்டியை மும்முரமாகக் கழுவினாள். "காலையிலயே தீந்துபூட்ச்சுண்ணா. கல்லுப்பு கீது, வோணுமா?"

"குடு. உப்புதானே எல்லாம்."

கல்லுப்பைக் கொட்டினான். மீட்டர் அசையவே இல்லை. ஸ்டோரில் சலவை சோடா மூட்டை கிடந்தது. அதையும் உப்பு என்றே எண்ணித் தாராளமாகக் கவிழ்த்தான். மீட்டர் பத்தைத் தாண்டியது.

"யம்மாடி! இன்னா இது பேஜாரு?"

தண்ணீரைத் தெளியவைக்கும் படிகாரம் பக்கத்திலேயே இருந்தது. அதுவும் உப்புதானே, என்ன செய்துவிடும்? அள்ளிப் போட்டான். நாலரைக்கு இறங்கிவிட்டது. கிணறு வெட்டப் போய் பூதம் கிளம்பிய கதைதான். மறுபடி சோடாவைப் பிடி பிடியாகத் தூவி, ஒருவழியாக எட்டரையில் நிறுத்தினான். நிம்மதியில் கண் கலங்கிவிட்டது.

குப்புராஜுடன் நர்மதா வந்தார். தன் மீட்டரை முக்கினார். ஒன்பதே முக்கால்.

"மேடம், என்துல எட்டரை கீதே!"

அவர் சந்தேகப்பட்டு அந்த ஏழு பாட்டிலிலும் தன் மீட்டரை விட்டுப் பார்த்தார். எட்டே கால் காட்டியது.

"இதை வச்சா திருத்துனீங்க? உங்க மீட்டர் ஒண்ணேகால் கம்மியா காட்டுது. காலையில எவ்ளோ இருந்துச்சு?"

"அஞ்சே கால், மேடம்."

"அப்போ நிஜத்துல ஆறரை. தண்ணி அருமையா இருந்திருக்கு. அதுல எதுக்குக் கைய வச்சீங்க?"

குப்புராஜ் பொன்னேரி இருக்கும் திசையைப் பார்த்தார். அந்தோணி பாட்டிலைப் பார்த்தான்.

டீத் தட்டோடு வாசலில் நின்ற ஹெலன் மெல்லச் சொன்னாள்:

"காலையில தட்டு பட்டு அந்த பாட்டிலு கொட்டிச்சுண்ணா. அதுல இருக்குறது உப்பு கரைச்ச தண்ணின்னு நீங்கதான சொல்வீங்க... கேன்டீன்ல இருந்த ஆப்பசோடா மொத்தத்தையும் கரைச்சு ரொப்பி வெச்சிட்டேன்."