பௌர்ணமிக்கு ஒரு ஆள்

காலையிலேயே ரூம் பெருக்கும் ஆராயி போனில் இருமினாள். "ஜுரம் சார். எந்திரிக்கவே முடியல."

லாட்ஜ் மேனேஜர் பரசுராமன் வாயைத் திறப்பதற்குள் ரூம் சர்வீஸ் வளவனும் இருமிக்கொண்டே லைனில் வந்தான். அன்று பௌர்ணமி. கிரிவலக் கூட்டம் பஸ் பஸ்ஸாக இறங்கப் போகிறது. லாட்ஜில் மேனேஜரைத் தவிர ஈ காக்கை இல்லை.

இன்னும் ஒரு ஆள் போடுங்கள் என்று முதலாளி தருமனிடம் கேட்டுக் கேட்டே பரசுராமனுக்கு வாய் ஓய்ந்துவிட்டது. முதலாளியோ சில நாளாக வேறு உலகத்தில் இருந்தார். ஊரெல்லாம் ஃப்ளூ பரவினால் வியாபாரத்தை எப்படிக் காப்பாற்றுவது என்று சொல்லிக்கொடுக்கும் வெப்சைட் ஒன்று அவர் கண்ணில் பட்டுத் தொலைத்திருந்தது. படித்ததையெல்லாம் வாட்ஸ்அப்பில் பரசுராமன் தலையில் கொட்டினார்.

"சார், ரெண்டு பேரும் வரல. ஜுரமாம்."

"ஜுரம்னா கூப்பிடவே கூடாதுய்யா. நான் அனுப்புனத படிக்கலியா? ஆள் கம்மின்னா கஸ்டமரையே கொஞ்சம் வேலை செஞ்சுக்கச் சொல்லலாம்னு இருக்கும் பாரு."

பரசுராமன் நொந்துபோனார். இன்று படும் பாட்டைப் பார்த்தாவது ஒரு ஆள் போடமாட்டாரா என்ற ஒரே ஆசையில் வேட்டியை மடித்துக் கட்டினார்.

கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த குடும்பத்திடம் துடைப்பத்தை நீட்டினார். அந்த அம்மாள் கட்டிலுக்கு அடியில் பெருக்கியதோடு நிற்கவில்லை. "இந்தக் குப்பையிலயா படுக்கச் சொல்றீங்க?" என்று மாடி முழுக்கத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டாள். டேங்க் காலி.

மோட்டார் போட ஓடியபோது, கவுண்டரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அவள் கணவரை உட்காரவைத்தார். திரும்பி வந்தால், மனிதர் எல்லாச் சாவியையும் தூக்கிக் கொடுத்திருந்தார்.

"எங்க ஊரு பஸ்ஸு வந்துச்சுங்க. எல்லாம் தெரிஞ்ச ஜனம்."

முன்பே புக் செய்தவர்கள் வாசலில் நின்று கத்தினார்கள். பரசுராமன் அவர்களுக்கு ஒரு கும்பிடு போட்டு, மொட்டை மாடியில் பாய் விரித்தார்.

"காத்தோட்டமா இருந்தா ஃப்ளூ அண்டாதுங்க. வெப்சைட்லயே போட்டிருக்கு."

அவர்கள் அடங்கினார்கள். ஆனால் ரூமில் இருந்தவர்கள் காதிலும் அது விழுந்துவிட்டது. தலையணையோடு அவர்களும் மாடி ஏறினார்கள். மேலே பைப் கிடையாது. பரசுராமன் பக்கெட் பக்கெட்டாகச் சுமந்தார். இடுப்பு விட்டுப்போனது. அழுகையாக வந்தது, அழுவதற்கும் ஆள் வேண்டுமே என்று விட்டுவிட்டார்.

சாயங்காலம் எல்லோரும் கிரிவலம் கிளம்பிய பிறகு முதலாளி போன் செய்தார். "எப்படிய்யா போச்சு?"

செத்தேன் சார் என்று சொல்லத்தான் வாயெடுத்தார். பாழாய்ப்போன ரோஷம் முந்திக்கொண்டது. "ஒரு கம்ப்ளெயின்ட் இல்லாம சமாளிச்சுட்டேன் சார்."

"ஒண்டியாவா?"

"ஒண்டியாதான் சார்!"

"அடேயப்பா!" என்று முதலாளி போனை வைத்தார். மனசு இளகிவிட்டது, ஆள் வந்த மாதிரிதான் என்று பரசுராமன் காலை நீட்டினார்.

கொஞ்ச நேரத்தில் ஆராயி டிபன் பாக்ஸோடு வந்து தயங்கி நின்றாள்.

"ஜுரம் விட்டுச்சா ஆராயி?"

"ஜுரமே இல்ல சார். ஃப்ளூ வந்தா ஆளில்லாம லாட்ஜு ஓடுதான்னு பாக்க முதலாளிதான் எங்கள இருமச் சொன்னாரு. இப்பதான் போன் பண்ணாரு, பௌர்ணமியவே ஒரு ஆளு சமாளிச்சுட்டா, மத்த நாளைக்கு நாங்க ரெண்டு பேருமே ஜாஸ்தின்றாரு."