நிப்பாட்ட ஐநூறு

பிற்பகல் இரண்டே முக்கால். எங்கள் கிறிஸ்தவ சபை வளாகத்துக்குள் நுழைந்ததும் நான் முதலில் பார்த்தது, எங்கள் ஆம்ப்ளிஃபயர் மேல் கால் கட்டிப் போடப்பட்டிருந்த ஒரு சேவலை. பக்கத்தில் வாழைக்குலை, பலாப்பழம், தேங்காய். அறுப்பின் பண்டிகை ஏலத்துக்கு வந்த காணிக்கைப் பொருட்களோடு எங்கள் கருவிகளையும் யாரோ சேர்த்து அடுக்கியிருந்தார்கள். (பின்னால் நடந்ததைப் பார்த்தால், அடுக்கியவர் விவரமானவர்.)

2006. பிளஸ் டூ படித்த நாங்கள் மூன்று பேர் 'ஹோலி தண்டர்' என்ற ராக் இசைக்குழு தொடங்கி நான்கு மாதம் ஆகியிருந்தது. கிட்டார் நான், டிரம்ஸ் ஷிபு, பாட்டு அஜின். எங்களிடம் இருந்தது ஒரே ஒரு சொந்தப் பாட்டு. உலகம் அதற்குமேல் தாங்காது என்பது அஜினின் கணிப்பு.

கிட்டார் மஸ்கட்டிலிருந்து சித்தப்பா கொண்டுவந்தது. அது வந்த நாளிலிருந்து என் மார்க் இறங்கியதை அப்பா கவனித்திருந்தார்.

"எலே, இன்னைக்கு சபைக்கு முன்னால ஒழுங்கா வாசிச்சா கிட்டார் வீட்டுக்கு வரும். இல்லேன்னா கடைசி ஏலம் அதுதான், கேட்டியா?"

சொல்லிவிட்டு, கிட்டார் உறையை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தார்.

எனக்குப் பயமில்லை. பயிற்சியில் அவ்வளவு அருமையாக வாசித்திருந்தோம். பயிற்சி நடந்தது ரப்பர் மரங்கள் நிற்கும் எங்கள் விளையில், ரப்பர் ஷீட்டுகளைத் தொங்கவிட்டுப் புகைபோட்டு உலர்த்தும் புரைக் கொட்டகையில். தலைக்குமேல் தொங்கும் அத்தனை ஷீட்டும் சத்தத்தில் முக்கால்வாசியைக் குடித்துவிடும் என்பது எங்களுக்குத் தெரியாது. சத்தம் போதவில்லை என்று ஆம்ப்ளிஃபயரின் திருகுகளைக் கடைசிவரை திருப்பி, அந்த இடத்தில் பெயிண்டால் புள்ளி வைத்திருந்தோம். சபை வளாகத்திலும் புள்ளி வரைக்கும் திருப்பினோம்.

முதல் அடியில் சேவல் பறந்தது. (கட்டிய காலோடு.) இரண்டாவது அடியில் போதகர் எழுந்தார், ஜெபிப்பதா ஓடுவதா என்று முடிவு செய்யாமல் நின்றார். அன்றுதான் எங்களை நாங்களே முதன்முறையாகக் கேட்டோம். கிட்டாரில் சுருதி இல்லை. ஷிபு வேறு ஏதோ பாட்டின் வேகத்தில் போய்க்கொண்டிருந்தான்.

கூட்டத்திலிருந்து தங்கையன் மாமா எழுந்தார். அம்மாவின் அண்ணன். அவர் விளைக்கும் எங்கள் விளைக்கும் நடுவிலுள்ள வரப்பு யாருடையது என்பதில் அவரும் அப்பாவும் இரண்டு வருடமாகப் பேசுவதில்லை.

"வாத்தியாரே, இதை நிப்பாட்ட ஐநூறு ரூவா!"

ஊர் சிரித்தது. ஏலம் விட்ட ஆசீர்வாதம் வாத்தியார் சிரிக்கவில்லை. பலாப்பழம் நூறைத் தாண்டாத நாள் அது. எங்களைக் கைகாட்டி நிறுத்தி, மைக்கைப் பிடித்தார்.

"நிப்பாட்ட ஐநூறு. ஒரு தரம்... ரெண்டு தரம்..."

நான் கிட்டாரைக் கழற்றத் தொடங்கினேன். அப்பா எழுந்தார். உறையோடு என்னிடம்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் பார்த்தது மாமாவை.

"வாசிக்க அறுநூறு."

"எழுநூறு," என்றார் மாமா.

"ஆயிரம்."

"ஓய், ஒமக்கு காது கேக்காதா? ஆயிரத்தி நூறு!"

"ஆயிரத்தஞ்ஞூறு!"

மாமா உட்கார்ந்துவிட்டார். மூன்றாவது தரமும் சொல்லி முடித்த வாத்தியார் எங்கள் பக்கம் திரும்பினார். "மக்களே, அடுத்த பாட்டு வாசிங்க."

அஜின் என் காதில் கேட்டான், "மக்கா, அடுத்த பாட்டுன்னா?"

"அதையே வாசி. கொஞ்சம் மெதுவா."

அவன் மைக்கில் "அடுத்த பாட்டு" என்று கம்பீரமாக அறிவித்தான். அதே பாட்டை வாசித்தோம். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடாமல், கடைசிவரை கேட்டார்.

வீட்டுக்குப் போகும் வழியில் மெதுவாக ஆரம்பித்தேன். "அப்பா, அந்தக் கிட்டார்..."

"எலே, ஆயிரத்தஞ்ஞூறு ரூவா குடுத்து கேட்ட சாதனம். இனி அதை வேற எவனுக்கும் குடுப்பேனா?"

இப்போதும் ஊருக்குப் போகும்போது நான் கிட்டாரை எடுத்தால், அம்மா அடுக்களையிலிருந்து, "நிப்பாட்ட ஐநூறு" என்பாள்.

அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "அறுநூறு" என்பார்.