இன்னொருக்கா நானா

சூரியன் உதிப்பதைப் பார்த்து, "நல்லாத்தான் ஈக்கிது, இன்னொருக்கா உதிச்சா இதவிட நல்லா வரும்" என்று சொல்லக்கூடிய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் கண்டிக்குப் பக்கத்து மடவளைக்காரர். அடையாள அட்டையில் அவருக்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. எங்களுக்கெல்லாம் அவர் இன்னொருக்கா நானா; எங்கள் பக்கம் அண்ணன் நானா, அக்கா ராத்தா. வயது இருபத்தாறு, கையில் ஒரு பழைய கெமரா, தலைக்குள் ஒரே ஒரு படம்.

அவரைவிட எனக்கு இரண்டு வயது குறைவு. கண்டி டவுனில் போன் திருத்தும் கடையில் வேலை பார்த்தேன். பக்கத்துக் கடை அவருடைய வாப்பாவின் திரைச்சீலைக் கடை. ஒருநாள் மைக் கெட்டுப்போன போனைக் கொண்டுவந்து வைத்தார். திருத்தி முடித்து, "ஹலோ, ஹலோ, கேக்குதா" என்று பேசிப் பார்த்தேன். அவர் தலையைச் சரித்துக் கேட்டுவிட்டு, "இன்னொருக்கா செல்லுங்க தம்பி, கொஞ்சம் கவலையா" என்றார்.

நாலாவது ஹலோவில் எனக்கே கண் கலங்கிவிட்டது. அன்றைக்கே நான் அவர் படத்தின் ஒலிப்பதிவாளர். அந்தப் பதவிக்கு என்னிடம் இருந்த ஒரே தகுதி, திரைச்சீலைக் கம்பியைக் கை நடுங்காமல் தூக்கிப் பிடிப்பது. கம்பி நுனியில் மைக், மைக்குக்குக் காற்றுப் படாமல் அவருடைய ராத்தாவின் கைக்குழந்தையுடைய கம்பளித் தொப்பி. குளிர்காலத்தில் குழந்தைக்கும் மைக்குக்கும் தொப்பி விஷயத்தில் தகராறு வரும். எப்போதும் குழந்தைதான் ஜெயிக்கும்.

இருபது நிமிடப் படம். கதை இவ்வளவுதான்: ஊரைவிட்டுப் போக மனமில்லாத ஒரு மனிதர் கடைசியில் பஸ் ஏறிப் போகிறார். இதை எடுக்க எங்களுக்கு இரண்டு வருடம் பிடித்தது.

இதில் வாப்பாவுக்கும் மகனுக்கும் ஓர் ஒப்பந்தம் வேறு. கட்டாரில் ராத்தாவின் கணவர் அவருக்கு வேலை பார்த்து வைத்திருந்தார். "படத்த முடிச்சிட்டே போ மகன், நான் தடுக்கல்ல. முடிஞ்ச அடுத்த கெழமை பிளேன்ல ஏறோணும்" என்று வாப்பா சொல்லியிருந்தார். நானா இதை வாப்பாவின் குரலிலேயே எங்களுக்கு நடித்துக் காட்டுவார். நாங்கள் வயிறு வலிக்கச் சிரிப்போம்.

முதல் காட்சி மடவளையில், ஒரு சின்னப் பாதையோரம், காலை நேரம். கதாநாயகர் கதிரையில் உட்கார்ந்து பெருமூச்சு விடவேண்டும். அவர் மூச்சை இழுக்கும்போதெல்லாம் பேக்கரிப் பாண் விற்கும் ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு வந்துவிடும். மூன்றாம் நாள் நானா ஓட்டோவை மறித்து, பாட்டை நிறுத்தச் சொன்னார். நல்ல மனிதர், நிறுத்திவிட்டார். ஆனால் பாட்டுக் கேட்டுத்தான் அந்தப் பாதையில் எல்லோரும் வெளியே வந்து பாண் வாங்குவார்கள். ஓட்டோ வந்ததும் யாருக்கும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் பத்துப் பதினைந்து பெண்கள் எங்களைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"புள்ளைகள் வெறும் தேத்தண்ணியோட ஸ்கூலுக்குப் போயீக்கிது. ஒங்கட படத்தயா திங்கக் குடுக்கிற?" என்று முன்னால் நின்ற ஒரு ராத்தா கேட்டார்.

நானா அவரை உற்றுப் பார்த்தார். "ராத்தா, இப்ப கேட்டீங்களே, அதே கோவத்தோட இன்னொருக்கா கேளுங்க. தம்பி, மைக்கப் புடிங்க."

அந்த ராத்தா படத்தில் இருக்கிறார். பாண் ஓட்டோவும் இருக்கிறது, பாட்டோடு.

அதைவிடப் பெரிய சோதனை ரவூப் நானாவின் தலை வழியாக வந்தது. அக்குறணையில் சீமெந்தும் ஆணியும் விற்கும் ரவூப் நானாதான் எங்கள் கதாநாயகர். நெற்றியில் வந்து விழும் கருகரு முடிக்காகவே அவரைப் பிடித்தோம். நடிப்பு பிறகு வரும் என்று நம்பினோம். படம் பாதியில் நிற்கும்போது மனிதர் சத்தம் போடாமல் மக்காவுக்கு உம்ரா போய்விட்டார். முன்கூட்டிச் சொன்னால் எங்கள் வேலை கெட்டுப்போகும் என்று சொல்லவில்லையாம்.

திரும்பி வந்தவரைப் பார்க்கப் போனோம். பேரீச்சம்பழமும் ஸம்ஸம் தண்ணீரும் தந்தார். பிறகு தொப்பியைக் கழற்றினார். உம்ரா முடித்தவர்கள் வழக்கப்படி வழுவழுவென்று மழித்த தலை. மக்காவுக்குப் போய் வந்த மனிதரிடம் கோபப்பட முடியுமா? நானா அவரைக் கட்டிப்பிடித்தார், துஆ கேட்டார், பேரீச்சம்பழத்தைச் சாப்பிட்டார், வெளியே வந்து சீமெந்து மூட்டைமேல் உட்கார்ந்தார்.

"அவர்ட உம்ராவ அல்லாஹ் கபூல் செய்யட்டும். திரும்ப வளர எத்தின மாசம் எடுக்கும் தம்பி?" என்றார்.

அதிலிருந்து வெள்ளிதோறும் ஜும்ஆத் தொழுகை முடிந்ததும், நானா திரைச்சீலைக் கடை அளவு நாடாவோடு பள்ளிவாசலுக்கு வெளியே நிற்பார். ரவூப் நானா தலையைக் குனிந்து கொடுப்பார். பாதி ஜமாஅத் சுற்றி நின்று அளவு பார்க்கும். கண்டிக் கடைத்தெருவில் "படம் எப்படி?" என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. "முடி எவ்வளவு?" என்றுதான் கேட்டார்கள். ஆறு மாதம் ஓடியது. வாப்பா நாட்காட்டியைக் கிழித்துக்கொண்டே இருந்தார்.

முடி வளர்ந்தது. மிச்சம் இருந்தது கடைசிக் காட்சி. பஸ்ஸை வாடகைக்குப் பிடிக்க நாங்கள் யார்? நிஜ பஸ்தான். அக்குறணை பஸ் ஹோல்டில் கண்டி பஸ் வந்து நிற்கும். ரவூப் நானா ஏறுவார், ஏறும்போது ஒருமுறை திரும்பிப் பார்ப்பார். எங்களுக்கு வேண்டியது அவ்வளவுதான். ஆனால் பஸ் அதோடு அவரை விடாது. அடுத்த ஹோல்ட்வரை கொண்டுபோய்த்தான் இறக்கும். அங்கிருந்து டிக்கட்டும் வேர்வையுமாக நடந்து வருவார்.

"இன்னொருக்கா" என்பார் நானா.

கண்டிவரை போய்த் திரும்பி, மறுபடியும் வந்த பஸ்ஸின் கொண்டக்டர் ரவூப் நானாவைப் பார்த்து, "முதலாளி, நீங்க இன்னும் கண்டிக்குப் போய்ச் சேரல்லயா?" என்று கவலையோடு கேட்டார்.

பன்னிரண்டாவது தடவை நான் கம்பியைக் கீழே வைத்தேன். எனக்குக் கை கழன்றுவிட்டது, பொறுமையும்தான். "ஒம்பதாவதே நல்லா இருந்திச்சு நானா. உங்களுக்கே தெரியும்."

"தெரியும் தம்பி."

"அப்புறம் ஏன்?"

அவர் கெமராவின் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. "முடிஞ்சிட்டெண்டு நான் செல்லோணுமே" என்றார்.

முடிந்தது என்று அவர் சொன்னால் அடுத்தது பிளேன் என்பது அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. இரண்டு வருடமாக நாங்கள் சிரித்துக்கொண்டிருந்த ஒப்பந்தத்தில் அவர் ஒருவர்தான் சிரிக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. கம்பியை எடுத்துத் தூக்கிப் பிடித்தேன்.

பதின்மூன்றாவது தடவை ரவூப் நானா நடிக்கவில்லை. நடந்து நடந்து கால் வீங்கிய மனிதர், அந்த பஸ்ஸில் ஏற உண்மையாகவே மனமில்லாமல், எங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு ஏறினார். பஸ் போனது. நான் அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தேன். வேண்டிக்கொண்டேன் என்றுகூடச் சொல்லலாம்.

"போதும்" என்றார் நானா.

அடுத்த கிழமை கண்டி குட்ஷெட் பஸ் ஸ்டாண்டில் விமான நிலையத்துக்குப் போகும் கட்டுநாயக்க பஸ் புறப்படத் தயாராக நின்றது. உம்மா அழுதார். வாப்பா பெட்டிக்கு மூன்றாவது தடவையாகக் கயிறு கட்டினார். நானா எல்லோருக்கும் ஸலாம் சொல்லிவிட்டு என் கையைப் பிடித்து, "அந்தக் கம்பிய வாப்பாட்ட குடுத்திராதீங்க" என்றார். உம்மா கேட்டதற்காக நான் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். நானா படியில் ஏறி, திரும்பிப் பார்த்து, கையை அசைத்தார். வெளிச்சம் நன்றாக இருந்தது. கையை அசைத்ததும் நன்றாகத்தான் இருந்தது. ஒரு குறையும் சொல்ல முடியாது.

"நானா, சரியா வரல்ல" என்றேன். "எறங்கி இன்னொருக்கா ஏறுங்க."

அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். இறங்கினார். கொண்டக்டர் திட்டத் திட்ட மூன்று தடவை இறங்கி ஏறினார். நாலாவது தடவையும் கேட்கத்தான் நினைத்தேன், கையைத்தான் அசைத்தேன்.