அடிமரம் காணாமல் போன விவரம்

இர்பித்,
சனிக்கிழமை

குவைத்தில் இருக்கும் அன்புத் தம்பி தைஃபுல்லாவுக்கு அண்ணன் முஃப்லிஹ் ஸலாம் சொல்லி எழுதிக்கொள்வது. இறைவன் கிருபையால் இங்கே நானும் என் முழங்காலும் சுகம். அங்கே உன் சர்க்கரையும் உன் முதலாளியும் அடங்கியிருப்பார்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ இடையிடையே பேசுவாய்.

எடுத்த எடுப்பில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த மரம் பாதியில் முறியும், பிறகு நிமிர்ந்து நிற்கும் என்று நான் ரமலானுக்கு முன்பே சொன்னேன். சாட்சி உன் மதனி. அப்படி எதுவும் கேட்கவில்லை என்கிறாள். அது அவள் காதின் கோளாறு.

விஷயம் உனக்குத் தெரிந்ததுதான். நம் குடும்பத்தின் புது விருந்து மண்டபத்தில் ஒரு சுவர் முழுக்க வம்ச மரம் வரைந்து மாட்ட வேண்டும் என்று பெரியவர் அபூ ஜத்ஆன், கணினியில் படம் வரையும் கடை வைத்திருக்கும் உன் மகள் ருவைதாவிடம் வேலையைக் கொடுத்தார். கீழே அடிமரத்தில் வம்சத்தின் முதல் பாட்டனார், மேலே இலைக்கு ஒருவராக நாமெல்லாம், ஒவ்வொருவருக்கும் போட்டோ. "இது சரியா வரலைன்னா கடையைப் பூட்டிட்டு இங்க வந்துடச் சொல்லு, என் சிநேகிதன் ஆபீஸ்ல டைப் அடிக்கட்டும்" என்று நீ எனக்குப் போனில் குரல் பதிவு அனுப்பினாய். அதை அவள் முழுக்கக் கேட்டாள். போனைக் குப்புற வைத்துவிட்டு மறுபடி வரையப் போய்விட்டாள். அதற்குள் ஊரே அவளுக்குப் போன் போட ஆரம்பித்துவிட்டது: என் பையனை விட்டுட்டே, என் தலையில முடி இருக்கிற போட்டோ போடு, எங்க வீட்டில் அடுத்த மாதம் பிரசவம், ஒரு இலையைக் காலியா விட்டு வை. உன் இலையைக் கொஞ்சம் பெரிசாக்கச் சொல்லி நீயும்தான் கேட்டாய், மறுக்காதே. இப்படித் தின்னத் தின்ன அந்த ஃபைல் கல்யாண வீட்டு ஆடு மாதிரி கொழுத்துவிட்டது.

படத்தைப் பென்டிரைவில் சேமித்துத் தொழிற்பேட்டை அச்சகத்துக்குப் போனோம். அபூ ஜத்ஆனும் கூட வந்தார். அங்கே திறந்தால் மேலே இலைகள் பளபளவென்று இருக்கின்றன, கீழே வர வர அரைக் கிளையோடு நின்று அதற்கப்புறம் வெறும் சாம்பல் நிறம்.

"நம்ம பாட்டனார் எங்கேம்மா?" என்றார் பெரியவர்.

"அவர் வரலை, ஹாஜி. ஃபைல் உடைஞ்சிருக்கு."

"அவர் மவுத்தாகி இருநூறு வருசமாச்சு. இப்ப எப்படிம்மா உடைவார்?"

அச்சகக்காரன் சும்மா இருந்தானா? "வேர் இல்லாத குடும்பம்னு பக்கத்து ஊர்ல சொல்வாங்க, ஹாஜி. நான் நம்பலை, இன்னைக்கு வரைக்கும்" என்றான்.

பெரியவரின் மீசை துடித்தது. "வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிஞ்சதும் அஞ்சு ஊர்க்காரன் மன்சஃப் கறிச்சோறு சாப்பிட வர்றான். பாட்டனார் இல்லாம மாட்டினா சோத்துல கையே வைக்க மாட்டான், சிரிச்சே வயிறு நிறைஞ்சிடும். வியாழன் வரைக்கும் பார்ப்பேன். அப்புறம் அம்மான் பட்டணத்துல ஒரு கம்பெனிகிட்ட குடுத்துடுவேன்."

வீட்டுக் கணினியில் திறந்தால் முழு மரம் நிற்கிறது. பென்டிரைவில் சேமித்தால் அடிமரம் போய்விடுகிறது. நான் விடுவேனா? இர்பித்திலிருந்து அம்மானுக்குப் பஸ் ஓட்டியவனிடம் எந்த இயந்திரமும் வாலாட்டாது. முதலில் பென்டிரைவின் மூக்கில் ஊதினேன். புதிதாக ஒன்று வாங்கினோம், அதுவும் அப்படியே. செருகும் துளையை மாற்றினோம். கரண்ட்தான் திருடன் என்று முடிவு செய்து பஸ் பேட்டரியை மாடிக்குத் தூக்கிவந்து இணைத்தேன், கட்டடம் முழுக்க விளக்கு போய், கீழ்மாடிப் பல் டாக்டர் கையில் ஊசியோடு மேலே வந்துவிட்டார். வைரஸ் என்றார்கள், திரையை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். கண்ணேறு என்றாள் உன் மதனி, கணினியின் கழுத்தில் நீல மணி கட்டினேன்.

"பெரியப்பா, கொஞ்சம் காபி குடிச்சுட்டு வாங்களேன்."

"குடிச்சாச்சு, புள்ளே."

"இன்னொண்ணு குடிங்க."

ருவைதா படத்தைச் சிறிதாக்கிச் சேமித்துப் பார்த்தாள். பாட்டனார் முழுசாக வந்து நின்றார். ஆனால் சுவர் அளவுக்கு அதைப் பெரிதாக்கினால் நம் எல்லார் முகமும் வேகாத பருப்பு மாதிரி இருந்தது. அபூ ஜத்ஆன் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "என் மீசை தெரியணும்."

இந்த இடத்தில்தான் உன் அண்ணனின் மூளை வேலை செய்தது. உடைந்த படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தேன். எந்தப் பென்டிரைவானாலும் சரி, எல்லாமே நாலு ஜிபியில் நின்றிருந்தன. "புள்ளே, இது உடையலை, வெட்டுப்படுது" என்றேன். "பஸ்ஸுக்குள்ள சீட்டெல்லாம் காலி. ஆனா கதவு சின்னது. பீரோவை ஏத்தினா கால் வெளியிலதான் நிக்கும்." பென்டிரைவில் இடம் ஏராளம், ஆனால் ஒரே ஃபைல் நாலு ஜிபியைத் தாண்டினால் உள்ளே விடாத பழைய முறையில் அதை அமைத்து விற்கிறார்கள். அதைத் துடைத்துப் புது முறையில் அமைக்கச் சொன்னேன். இனிமேல் படத்தை முதலில் கணினியிலேயே சேமி, பிறகு நகல் எடு, நகலைத் திறந்து பாட்டனார் இருக்கிறாரா என்று பார், அப்புறம்தான் பென்டிரைவைக் கழற்ற வேண்டும் என்று சட்டமும் போட்டேன்.

நேற்று மரம் சுவரில் ஏறிவிட்டது தம்பி. வேரிலிருந்து நுனிவரை ஒரு கீறல் இல்லை. அபூ ஜத்ஆன் அடிமரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, தெரியாதவர் மாதிரி, "இந்தப் புள்ளை யார் மக?" என்று சபைக்குக் கேட்கும்படி கேட்டார். வந்த ஊர்க்காரர் ஒருவர் சோற்றுக் கையோடு எழுந்து ருவைதாவிடம் வந்து, "எங்க மரம் இதைவிடப் பெரிசு, உன் மிசின் தாங்குமா?" என்றார். "தாங்கும் மாமா, பேரெல்லாம் அனுப்புங்க" என்றாள். இன்று காலையிலிருந்து அந்த ஊரின் போன்கள் வர ஆரம்பித்துவிட்டன.

ஆகவே பிள்ளையைக் குவைத்துக்குக் கூப்பிடாதே. அவள் கடை நிலைத்து நிற்கும். நான் பக்கத்திலேயே இருக்கிறேன். அங்கே வெயில் உன் தலையில் மெல்ல விழட்டும், உன் வருமானத்தில் பரக்கத் இறங்கட்டும் என்று துஆ செய்து முடிக்கும்,

உன் அண்ணன்
முஃப்லிஹ்

பின்குறிப்பு: எழுதியதைப் படித்துப் பார்த்தேன். இதைப் பார்த்தால், அண்ணன் இல்லாவிட்டால் இவளால் ஆகாது என்று எண்ணி நாளைக்கே டிக்கெட் போடுவாய். அதனால் சொல்கிறேன். நாலு ஜிபியைக் கண்டுபிடித்தது நான் இல்லை. அந்த நேரம் நான் சோபாவில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தேன். எழுந்தபோது அவள் எல்லாவற்றையும் முடித்து, படத்தைத் திறந்து சரிபார்த்துக்கொண்டிருந்தாள். எப்படி என்று கேட்டேன். சொன்னாள், விளங்கவில்லை. அப்புறம்தான் எனக்கு விளங்கட்டும் என்று அவளே அந்தப் பஸ் கதவைச் சொன்னாள்.