ஜன்னல் பக்கம் ஒரு சைடிங்

இன்று ஜன்னலைக் கைப்பற்றியே தீருவது என்று முடிவு கட்டினேன். கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வீட்டு முன்னறையின் ஒரே ஜன்னல் என் மனைவியின் தையல் மிஷினிடம் இருக்கிறது. மிச்ச அறையில் என் பொம்மை ரயில். பொம்மை என்று நான் சொல்லலாம்; நீங்கள் சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

மேஜை அகலத்துக்கு ஒரு நாடு அது. பஞ்சில் மேகம், தீப்பெட்டியில் வீடுகள், சுற்றி ஓடும் தண்டவாளம். மோவாயை மேஜை விளிம்பில் வைத்து ஒரு கண்ணை மூடினால் போதும், கடைசிப் பெட்டியில் பச்சைக் கொடியோடு நிற்கும் கார்டு ஆகிவிடுவேன். ஊர்கள் மெல்ல மெல்ல விலகிப் போகும். எந்த ஊரிலும் யாரும் என்னைக் கடைக்கு அனுப்ப மாட்டார்கள். ஆஹா!

குறை ஒன்றுதான். சரக்குப் பெட்டிகளைக் கழற்றி நிறுத்த ஒரு கிளைத் தண்டவாளம் இல்லை. சைடிங் என்பார்கள். மெயின் லைனிலிருந்து பிரிந்து, கொஞ்ச தூரம் போய், ஒரு முட்டுக்கட்டையோடு முடிந்துவிடும். மேஜையில் இடமில்லை, பலகை போட்டு நீட்ட வேண்டும். ஜன்னல் பக்கம் நீட்டினால் சாயங்கால வெயில் பெட்டிகள் மேல் சாயும். காற்று வரும். நானும் அங்கேயே சாய்ந்து... நினைக்கும்போதே கண் சொருகியது.

"ஏங்க, தூங்குறீங்களா?"

"யோசிக்கிறேம்மா. சைடிங் ஜன்னல் பக்கம்தான் வந்தாகணும். உன் மிஷினைக் கொஞ்சம்..."

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "ஏன், எதிர்ப்பக்கம் வந்தா ஆகாதோ?"

எதிர்ப்பக்கம் என் சாய்வு நாற்காலி. ஆகுமா?

"கிளை பிரியுற இடத்துல நம்ம வண்டி ஜன்னலைப் பாத்துல்ல ஓடுது! ஓடுற திசையிலதான் சைடிங். ரயில்வே சட்டம்."

அப்படி ஒரு சட்டமே கிடையாது. அவளுக்கு எங்கே தெரியப் போகிறது?

"வண்டியைத் திருப்பி ஓட்டிட்டா?"

"சிக்னல் எல்லாம் இந்தத் திசைக்குத்தான் ஒட்டியிருக்கேன். உயிரே போனாலும் திசையை மாத்த முடியாது!"

"அப்ப சரிங்க. சட்டம்னா சட்டம்தான். எங்க, ஒரு தடவை ஓட்டிக் காட்டுங்க, மிஷினை நகத்திடுறேன்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. மிஷினை ஒட்டிப் பலகையை நீட்டித் தண்டவாளத்தைக் கோத்தேன். வண்டி மெயின் லைனை விட்டு மெதுவாகப் பிரிந்து, வெயிலுக்குள் நுழைந்து, கனவில் போவதுபோல் போய் முட்டுக்கட்டையில் நின்றது. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"ரொம்ப அழகா இருக்குங்க. இப்ப பெட்டிகளை அங்கேயே விட்டுட்டு எஞ்சினை மட்டும் வெளியே கொண்டாங்க."

எஞ்சினுக்கு முன்னால் முட்டுக்கட்டை. பின்னால் வரிசையாகப் பெட்டிகள்.

"பின்னாடி வரும்."

"பெட்டியும் கூடவேல்ல வரும்?"

"கையால தூக்கி..."

"தூக்கலாம்னு ரயில்வே சட்டத்துல இருக்குதா?"

நீட்டிய கையை மெல்ல மடக்கிக்கொண்டேன்.

"தலையை முதல்ல விட்டு நுழைஞ்சா இப்படித்தான் மாட்டிக்கும். கிளை பிரியுற இடத்தைக் கொஞ்சம் தாண்டிப் போய் நின்னு, பெட்டிகளைப் பின்னாலயே தள்ளி உள்ளே விட்டுட்டு, எஞ்சின் நேரா போயிடணும். நம்ம காரை தினமும் ஷெட்டுல ரிவர்ஸ்ல விடுறது யாருங்க? நான்தானே!"

சொல்லிக்கொண்டே கிளை பிரியும் துண்டைக் கழற்றித் திருப்பி மாட்டி, பலகையையும் எதிர்ப்பக்கம் மாற்றினாள். சைடிங் ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எதிர்ச் சுவரை நோக்கிப் போனது.

"ஐயோ, அங்க என் நாற்காலி இருக்கே!"

"என்னங்க பண்றது? திசையை மாத்த முடியாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

நாற்காலியை இழுத்துப் போய் மிஷின் பக்கத்தில் போட்டாள். துணி தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் பாவம், இத்தனை நாள் நின்றுகொண்டே இருந்தார்களாம்.

இப்போது என் சரக்கு வண்டி சுவரைப் பார்த்து நிற்கிறது; உட்கார இடமில்லாததால், பக்கத்தில் நானும் நிற்கிறேன்.